சின்னக் கடையும் மூன்றாவது கண்ணும்: நினைவின் அதிகாரம் குறித்து

கண்காணிப்பு என்று பேச்செடுத்தால் நம் கட்டுரைகள் நேரே ஃபூக்கோவிடம் போய் நின்றுவிடுகின்றன. 1975இல் வந்த ‘கண்காணிப்பும் தண்டனையும்’, அதற்குள் பெந்தாமின் வட்டச் சிறை, நடுவே கோபுரம், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ளும் கைதி. இந்தச் சித்திரத்தை அப்படியே தூக்கிவந்து ஒரு பலசரக்குக் கடையில் வைத்துவிட முடியாது என்பது என் எண்ணம். சின்னக் கடையில் கோபுரம் கிடையாது. நாலு காமிரா, டிவிஆர் என்று எல்லோரும் சொல்கிற பதிவுப்பெட்டி, கல்லாவுக்கு மேலே ஒரு திரை. திரையைப் பார்க்க ஆள் இல்லை. முதலாளி பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பார்.

ஆக இங்கே நடப்பது பார்த்தல் அல்ல, பதிதல். காமிரா கடையைக் காக்கிறதா என்ற கேள்வியை, கடையைப் பற்றிய நினைவு யார் கையில் இருக்கிறது என்று மாற்றிக் கேட்டாக வேண்டும்.

1

காமிரா இருந்தால் திருடன் வரமாட்டான் என்பது விற்கிறவர்களின் சொல்லாடல். பல நாடுகளில் நாற்பதாண்டுக் காலம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பீடு இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. குற்றம் ஓரளவு குறைகிறது. அதுவும் வாகன நிறுத்துமிடங்களில்தான் தெளிவாகக் குறைகிறது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க விளைவு ஏதுமில்லை. இரவில் ஷட்டரை நெம்புகிறவன் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்கிறான். விவரம் தெரிந்தவனாக இருந்தால் கல்லாவோடு சேர்த்துப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறான்.

நான் சாமான் வாங்குகிற கடை அண்ணாச்சி இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: “காமிரா திருடனப் பிடிக்காது தம்பி. திருட்டு நடந்துச்சுன்னு சொல்லும், அவ்வளவுதான்.” காமிரா காவலாளி இல்லை, சாட்சி. சாட்சியின் மதிப்பு அதன் ஞாபகத்தில் இருக்கிறது.

இந்த ஞாபகம் அளவுபட்டது. நாலு காமிரா, ஒரு டெராபைட் வன்தட்டு என்று வைத்துக்கொண்டால், படத்தின் தரத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் தாங்கும். பிறகு பெட்டி பழையதின் மேலேயே புதியதை எழுதத் தொடங்கும். மறதி இங்கே கோளாறு அல்ல, அமைப்பின் பகுதி. மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது குறைவு கண்டுபிடிக்கிற கடைக்காரர் பெட்டியைத் திறந்தால் தேவையான நாள் போயிருக்கும். கடிகாரம் தப்பாக ஓடினால் படம் இருந்தும் ‘எப்போது’ என்பது இருக்காது. வெளிச்சமான வாசலை நோக்கி வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் கறுப்பு நிழல்கள். உத்தரத்தில் வைத்தால் தலைகள் மட்டும். கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் பெட்டியே வேறொருவனுடையது. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் இப்படிப்பட்ட காமிராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி இணையத்தையே தாக்கியது. கடையைக் காக்க வாங்கிய பொருள் முகம் தெரியாத எவனுக்கோ அடியாள் வேலை பார்த்தது.

2

இந்தச் சாட்சி யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது? பெரும்பாலும் ஒரு காமிரா வாசலுக்கு, ஒன்று கல்லாவுக்கு, மற்றவை உள்ளே. கல்லாக் காமிராவில் அதிகம் பதிவது திருடன் அல்ல, கடைப் பையன். பெந்தாமின் வட்டக் கட்டடமே முதலில் சிறைக்காக யோசிக்கப்பட்டதல்ல என்பதை இங்கே நினைவுகூரலாம். 1780களில் ரஷ்யாவின் கிரிச்செவில் தொழிலாளர்களை மேற்பார்வையிட அவருடைய தம்பி சாமுவேல் யோசித்த பட்டறை அது. அண்ணன் அதைச் சிறையாக்கினார். கோபுரம் சின்னக் கடைக்குப் பொருந்தவில்லை, பட்டறை பொருந்துகிறது. முதலாளி ஊருக்குப் போனாலும் கைபேசியில் கடை திறக்கிறது. நின்றுகொண்டே வேலை பார்த்த கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல்தான் சட்டம் திருத்தியது. அந்த இருக்கையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று எண்ணவும் இதே காமிரா போதும்.

3

இனி அரசு. 2017க்குப் பின் சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் வணிகர்களையும் குடியிருப்போரையும் காமிரா பொருத்தச் சொன்னது. பெயரில் உள்ள தொன்மம் கவனிக்கத்தக்கது. நெற்றிக்கண் எரிக்கிற கண். இந்தக் கண்ணோ சேமிக்கிறது. கடைக்காரர் காசில் வாங்கிய கண், தெருவை நோக்கித் திரும்பும்போது காவல்துறையின் கண்ணாகிறது. ஆனால் பார்வை எப்போதும் ஒரே திசையில் ஓடுவதில்லை.

2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாக ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். தகராறு செய்தார்கள், தரையில் புரண்டார்கள், காயம் அதனால் வந்தது என்றது முதல் தகவல் அறிக்கை. கடைப்பக்கத்துக் காமிராப் பதிவு வெளியே வந்தபோது அதில் அப்படியொரு புரளல் இல்லை. நிலையத்துக்குள்ளும் காமிராக்கள் இருந்தன. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார்: வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது.

தெருக் காமிரா ஞாபகம் வைத்தது; நிலையத்துக் காமிரா மறந்தது. இரண்டும் ஒரே வகைப் பொருள். வித்தியாசம், அமைப்பை மாற்றும் விரல் யாருடையது என்பதில்தான். நிலையத்துக்குள் நடந்ததைச் சொல்லக் கடைசியில் ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே 2020 டிசம்பர் 2இல் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வைக்கவும் பதிவை 18 மாதம் காக்கவும் உத்தரவிட்டது. மறதிக்குச் சட்டம் கெடு வைத்த தருணம் அது.

4

எனவே கடைக்காரருக்கு நான் சொல்லக்கூடியது லென்ஸ் பற்றியதல்ல. பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பூட்டிய வேறிடத்தில் வையுங்கள். வாசல் காமிரா முக உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். மாதம் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஏதாவது நடந்தால் அன்றைக்கே பிரதி எடுங்கள். விசாரணைக்கு என்று பெட்டியே போகிறதென்றால், ஒரு பிரதி உங்களிடம் தங்கட்டும். கொடுத்ததற்கு எழுத்து வாங்குங்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, இத்தகைய பிரதியோடு ஒரு சான்றிதழையும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ‘ஹாஷ்’ எண்ணையும் கேட்கிறது. அது இல்லாத படம் நீதிமன்றத்தில் ஊமை.

கடைப் பையனுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் முதல் சந்தேகம் அவன் மேல்தான் விழுகிறது. அவன் எடுக்கவில்லை என்று காட்டக்கூடியதும் அதே பெட்டிதான். அதைத் திறந்து பார்க்கக் கேட்கும் உரிமை அவனுக்கு இல்லாதவரை, அந்தக் கடையில் பாதுகாக்கப்படுவது சரக்கு மட்டுமே.