கல்முனைக் கரையோரத்தில் பதிவேடு தேடுவது

இலங்கையில் ஒருவரைப் பற்றிய அரசாங்கப் பதிவுகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகிய மூன்றும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தைச் சேர்ந்தவை. வாக்காளர் இடாப்பு தேர்தல் ஆணைக்குழுவுடையது. உறுதிகள் காணிப் பதிவகத்திலும், சோலைவரிக் கணக்கு உள்ளூராட்சி சபையிலும், யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்ற விபரம் கிராம உத்தியோகத்தரிடமும் கிடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஆட்களின் பெயர்வரிசையில் அடுக்கப்பட்டவை அல்ல. இடத்தையும் காலத்தையும் வைத்து அடுக்கப்பட்டவை. ஆகவே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் பதிவு தேடிப் புறப்படுகிறவர் கையில் முழுப்பெயர் இருந்தால் மட்டும் போதாது. சம்பவம் எந்தப் பிரிவில், ஏறத்தாழ எந்த ஆண்டில் நடந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இடம் என்பது இந்தக் கரையில் அவ்வளவு நேரான சங்கதி அல்ல. அம்பாறை மாவட்டமே 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் கல்முனைக்குடியில் பிறந்தவரின் பத்திரத்தில் மாவட்டம் மட்டக்களப்பு என்றிருக்கும். அது பிழையல்ல, திருத்தப் போகவும் தேவையில்லை. பிரதேச செயலகங்களும் அப்படியே நின்றுவிடவில்லை. சாய்ந்தமருது பின்னர் தனிச் செயலகமானது. கல்முனை வடக்கில் 1989 முதல் உப பிரதேச செயலகம் ஒன்று இயங்குகிறது. அதைத் தரமுயர்த்துவது பற்றிய சர்ச்சை 2019 இல் உண்ணாவிரதம் வரைக்கும் போனது. அரசியல் ஒருபுறம் இருக்க, தேடுகிறவருக்கு இதில் உள்ள பாடம் சின்னது: தனக்கு வேண்டிய கிராம உத்தியோகத்தர் பிரிவு எந்தச் செயலகத்துக்குள் வருகிறது, பழைய புத்தகங்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்று முதலில் விசாரித்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். அதைச் சொல்லக்கூடியவர் ஜீ.எஸ். எனப்படும் கிராம உத்தியோகத்தர். விதானைமார் முறை 1963 இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். பதவியின் பெயர் கிராம உத்தியோகத்தர் என்று மாறிய பின்பும் ஊரின் வாயில் அவர் ஜீ.எஸ்.தான். வதிவிடச் சான்றிதழ் அவர் கொடுப்பது, அதை மேலொப்பமிடுவது பிரதேச செயலகம்.

மிக அதிகமாகத் தேடப்படுவது பிறப்புப் பதிவு. இலங்கையில் பிறப்பு, இறப்புகளை அரசு முறையாகப் பதியத் தொடங்கியது 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு. இன்றைக்கு நடைமுறையில் இருப்பது 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம். பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழ் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதிதான். தொலைந்தால் பக்கம் தொலைவதில்லை. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பம் கொடுக்கும்போது பதிவிலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் வேலை சுருக்கம். தெரியாவிட்டால் தேடுதல் கட்டணம் கட்டி, குறிப்பிட்ட கால எல்லைக்குள் புத்தகங்களைப் புரட்டச் சொல்ல வேண்டும். கணினியில் ஏற்றப்பட்ட பதிவானால் வேறு ஊர்ச் செயலகத்திலும் பெறலாம்.

ஆண்டு தெரியாதபோது உதவுவது அடையாள அட்டை. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆனால் வயதானவர்களின் அட்டையை அப்படியே நம்பிவிடவும் முடியாது. பிறப்பைப் பதியாமல் விட்டு, உத்தேச வயதுச் சான்றிதழோடு காலத்தை ஓட்டியவர்கள் இந்தக் கரையில் குறைவல்ல. அவர்களுக்குப் பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவேடு சில வேளை பதிவாளரின் புத்தகத்தைவிட நல்ல சாட்சி.

பழைய பிறப்புப் பத்திரத்தின் கடைசிக் கூடுகளைப் பலர் வாசிப்பதே இல்லை. பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எல்லாம் அங்கே கேட்கப்பட்டிருக்கும். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடுகிறது.

பெயர்தான் பெரிய சிக்கல். வாப்பாவின் பெயரும் மூத்தாப்பாவின் பெயரும் முதலெழுத்துகளாகச் சுருங்கி முன்னால் நிற்க, சொந்தப் பெயர் கடைசியில் வரும். முகம்மது, முஹம்மத், மொஹமட் மூன்றும் ஒருவரே ஆகலாம். லெப்பை ஒரு பத்திரத்தில் லெவ்வை ஆகும். பாத்திமா பாத்தும்மா ஆவார். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். பெயர் வேறுபட்டாலும் தாயின் பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றில் இரண்டு ஒத்துப்போனால் ஆள் அவரே என்று எடுத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். உத்தியோகபூர்வமாகத் திருத்துவது அதற்கென்றுள்ள விண்ணப்பத்தால் மட்டும்.

இறப்புப் பதிவைப் பற்றிப் பேசினால் 2004 டிசம்பர் 26 ஐத் தாண்டிப் போக முடியாது. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். உடல் கிடைக்காதவர்களுக்கு வழமையான முறையில் இறப்பைப் பதிய வழியில்லை. அதற்காகவே 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. காணி மாற்றம், ஓய்வூதியம், பிள்ளைகளின் பாதுகாவல் என எத்தனையோ காரியங்கள் அந்தச் சான்றிதழில் தங்கியிருந்தன. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ அந்த நாளில் போனவர் ஒருவரின் பதிவைத் தேடும்போது, அது அந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டதா என்று கேட்பது நல்லது.

முஸ்லிம் விவாகங்கள் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி தனிப் பதிவாளரால் பதியப்படுகின்றன. பொது விவாகப் பதிவேட்டில் அவற்றைத் தேடிப் பயனில்லை. பதியாத நிக்காஹ் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்வதில்லை. ஆகவே பதிவு இல்லை என்பது திருமணம் நடக்கவில்லை என்பதற்கு ஆதாரமாகாது. விவாகரத்து காதி நீதிமன்றக் கோவைகளில் இருக்கும். பள்ளிவாசலிலும் மஹல்லாக் குடும்பங்களைப் பற்றிய ஏடுகள் உண்டு. தாய்வழி வரும் குடியை எந்த அரசாங்கப் படிவமும் கேட்பதில்லை. குடிக்கொரு மரைக்காயர் என்ற வழமை இருந்த பள்ளிவாசல்களில்தான் அதை விசாரிக்கலாம். அந்த ஏடுகளைக் காட்டுவது நிர்வாகத்தின் விருப்பம்.

ஒருவர் எங்கே வசித்தார் என்பதற்கு வலுவான சான்று வாக்காளர் இடாப்பு. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது சில ஆண்டு இடாப்புப் பிரதிகள் கேட்கப்படுவதால், பெற்றோருக்கு இது நன்கு பழகிய ஆவணம். இங்கே ஒரு உள்ளூர் நுணுக்கம் உண்டு. இந்தக் கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். எனவே திருமணத்துக்குப் பின் ஆணைப் பிறந்த வீட்டு இலக்கத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். மனைவியின் வீட்டு இலக்கத்தில் இருப்பார்.

காணிப் பதிவகத்திலும் இதே கதைதான். ஒரு வளவின் உறுதி வரிசை பெரும்பாலும் தாயிலிருந்து மகளுக்கு நன்கொடை உறுதியாக இறங்கி வரும். 1927 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பேணப்படும் ஏடுகளைக் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். அங்கேயும் பெயரைவிட, உறுதியின் பின்னால் உள்ள தொகுதி, பக்க இலக்கமே திறவுகோல்.

எல்லாப் புத்தகமும் திறந்தது அல்ல. ஆட்பதிவுத் திணைக்களத்தின் அடையாள அட்டை விபரமும், குடிசன மதிப்பீட்டில் ஒரு வீட்டார் சொன்ன பதிலும் மற்றவருக்குக் கிடைக்காது. திறந்தவற்றுக்கும் மூடியவற்றுக்கும் நடுவே உள்ள அலுவலகக் கோவைகள், பயனாளிப் பட்டியல்கள், வரி விபரங்கள் போன்றவற்றுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவுகிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகத்திலும் மாநகர சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். ஆர்.டி.ஐ. 01 படிவத்திலோ சாதாரணக் கடிதத்திலோ கேட்கலாம். வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர் என்று விசாரிக்க அவருக்கு உரிமையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

தனிப்பட்ட ஒருவரின் அந்தரங்கம் அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவில் காக்கப்பட்டுள்ளது. அயலவரின் கோவையைக் கேட்டால் மறுப்பு வரும், வர வேண்டியதும்தான். பொதுப் பணத்தில் வீடோ கொடுப்பனவோ பெற்றவர்களின் பட்டியல் வேறு விஷயம். நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் கட்டப்பட்ட 500 சுனாமி வீடுகள் யாருக்கு என்ற வழக்கால் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த மாவட்டம் இது. இங்கே அத்தகைய பட்டியலின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் போன்றவற்றை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம் என்று 6 ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்திலேயே அப்படிக் கேட்டுவிட்டால் மறுப்பதற்கு இடம் குறையும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், அதன் பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

மொழியும் கவனிக்க வேண்டியது. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும். மாவட்டத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் அம்பாறை நகரிலிருந்து சிங்களத்தில் மட்டும் பதிலோ பிரதியோ வந்தால், தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதே உறுப்புரையில் உள்ளது. கேட்பதைத் தனிக் கடிதமாக எழுதி, திகதியிட்ட பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது நடைமுறையில் உதவும்.