அந்தமானில் அரை நாள் உலா

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் விடுமுறை என்றதும் ஊர்ப் பயணத்தையே நினைக்கிறோம். அது இயல்பே. பெற்றோரைக் காண வேண்டும். குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேண்டும். பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியைக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சில நாள்களுக்காகவே பணத்தையும் விடுப்பையும் சேர்த்துவைத்து, எஞ்சிய மாதங்களில் வீடு, அலுவலகம், கடைத்தெரு என்ற மூன்றை மட்டுமே அறிந்து வாழ்கிறவர் நம்முள் பலர். அந்தமான் தீவுகளில் இந்த வழக்கம் மேலும் வலுப்பெற்றிருக்கிறது. தமிழகத்துக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் கிடக்கிறது. கப்பலில் சென்னை சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். இதனால், சில ஆண்டுகள் பணிபுரிந்து மாற்றலாகிச் செல்லும் அலுவலரும், இங்கேயே பிறந்து வளரும் குழந்தையும், தாம் வாழ்ந்த தீவைக் காணாமலே போய்விட நேர்கிறது.

அருகிலுள்ள இடத்துக்குச் சென்று அன்றே திரும்பும் உலா நமக்குப் புதிதன்று. ஆடிப்பெருக்கன்று புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவதும், காணும் பொங்கலன்று கடற்கரையில் கூடுவதும் நம் முன்னோர் வகுத்த முறைகளே. பெருஞ்செலவு இல்லை, தங்குமிடம் தேட வேண்டியதில்லை. வேண்டுவன கட்டுச்சோறும் நல்ல துணையுமே. அந்த வழக்கத்தை அந்தமானுக்கும் கொண்டுவரலாம். ஆனால் அதற்குமுன் இவ்விடத்துக் கடிகாரத்தையும் நாள்காட்டியையும் நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடிகாரத்தை முதலில் காண்போம். இந்தியா முழுமைக்கும் நேரம் ஒன்றே. சூரியனுக்கு அந்த விதி இல்லை. இத்தீவுகள் சென்னைக்கு வெகு கிழக்கே இருப்பதால் இங்கே சூரியன் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்திக்கொள்கிறான். மே மாதத்தில் காலை ஐந்து மணி அளவிலேயே பொழுது புலர்ந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி அளவில் கதிரவன் மறைந்துவிடுவான். நான்கு மணிக்குத் தேநீர் அருந்திவிட்டு மெல்லப் புறப்படலாம் என்று எண்ணுகிறவர், கடற்கரையை அடையும்போது இருளையே காண்பார். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புவதோ, உண்டவுடன் கிளம்பி அந்தியோடு மீள்வதோதான் இங்கே பொருந்தும்.

அடுத்தது நாள்காட்டி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் முன்பே, மே மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டி, இத்தீவுகளை எட்டிவிடுகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடர்கிறது. எனவே ஆடிப்பெருக்கு இங்கே கொந்தளிக்கும் கடலுக்கும் கொட்டும் மழைக்கும் உரிய காலம். தை பிறந்தபின் வானம் வெளுக்கும், கடல் அடங்கும். சனவரி முதல் ஏப்ரல் வரை உலாவுக்கு உகந்த காலம். காணும் பொங்கல் அதன் வாயிலிலேயே அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

இனி இடங்கள். நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற தலைநகரிலிருந்து தொடங்குவோம். நகரின் படகுத்துறையிலிருந்து பார்த்தாலே எதிரில் தெரிவது ராஸ் தீவு. 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது. சிறிது நேரப் படகுப் பயணத்தில் அதனை அடைந்துவிடலாம். 1858 முதல் ஆங்கிலேயர் இத்தீவுகளை ஆண்ட தலைமையிடம் அதுவே. 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கம் அதனைக் குலைத்தது. 1942-இல் சப்பானியர் வந்தனர். இன்று மாதாகோயிலின் சுவர்களையும் மாளிகைகளின் தூண்களையும் மரவேர்கள் இறுகத் தழுவி நிற்கின்றன. இடிபாடுகளுக்கிடையே மான்கள் மேய்கின்றன. அதிகாரம் எவ்வளவு விரைவில் அழியும் என்பதைப் பாடநூல் இன்றியே பிள்ளைகள் அங்கே அறிந்துகொள்வர்.

இரண்டாவது உலா சாத்தம் தீவிலிருந்து தொடங்குவது. பாலத்தின் வழியே நடந்தே அங்கே செல்லலாம். 1883-இல் நிறுவப்பெற்ற மரம் அறுக்கும் ஆலையும், வனத்துறையின் அருங்காட்சியகமும், இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளமும் அங்கே உள்ளன. அந்தமானின் புகழ்பெற்ற படாக் மரம் நம் மலைகளில் வளரும் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. அதன் செந்நிறப் பலகையைத் தடவிப் பார்க்கும் தமிழருக்கு அது அயல் மரமாகத் தோன்றாது. சாத்தம் துறையிலிருந்து படகில் பாம்பூ பிளாட் சென்று, அங்கிருந்து சாலை வழியே மவுண்ட் ஹாரியட் மலைக்கு ஏறலாம். 1891-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் அரசரும் அவரைச் சார்ந்தவர்களும் அங்கே சிறை வைக்கப்பட்டனர். அதன் நினைவாக 2021 முதல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்பது பெயர். மலையடிவாரத்தில்தான் 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் வைசிராய் மேயோ பிரபு, ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளுக்கு அப்பால் தெரியும் மலை இதுவே. பல்லாண்டுக் காலம் நம் சட்டைப்பையில் இருந்த காட்சியை நேரில் காண்பதில் ஒரு தனி இன்பம் உண்டு.

மூன்றாவது, தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிடியா டாப்பு. இந்தியில் 'சிடியா' என்றால் பறவை. 'டாப்பூ' என்றால் தீவு. பெயர் அவ்வாறு இருப்பினும் அது தனித்தீவன்று. தெற்கு அந்தமானின் தென்முனையே. அந்தி நேரத்துக்கு அதனினும் நல்ல இடம் அரிது. சிப்பிகாட் பகுதியையும் சற்று நின்று நோக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் இப்பகுதியின் நிலம் ஒரு மீட்டரளவு தாழ்ந்தது. உழவர்களின் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. இன்று அந்த நீர்ப்பரப்பில் கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. கண்ணுக்கு இனிய இக்காட்சி பல குடும்பங்களின் வாழ்வாதாரத்தை விழுங்கிய நீர்ப்பரப்பு என்பதை அறிந்தே நாம் காண வேண்டும்.

நான்காவது வண்டூர். நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் உள்ள அவ்வூர், 1983-இல் அமைக்கப்பெற்ற மகாத்மா காந்தி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் வாயில். பதினைந்து தீவுகள் அடங்கிய அப்பூங்காவில் ஜாலிபாய் தீவுக்கு நல்ல பருவத்தில் மட்டுமே படகுகள் செல்லும். அனுமதிச் சீட்டு வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுசெல்ல இயலாது. கண்ணாடி அடித்தளப் படகிலிருந்து நோக்கினால் பவளப் பாறைகள் தெரியும். அவை வெறும் கல்லல்ல. கோடிக்கணக்கான நுண்ணிய உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடுகள். அவ்வுயிர்களுக்கு உணவும் நிறமும் தருவன அவற்றினுள் வாழும் பாசிகள். கடல்நீர் அளவு மீறிச் சூடேறினால் அப்பாசிகள் நீங்கிப் பவளம் வெளிறிவிடும். 2010-இல் இத்தீவுகளில் அவ்வாறே நேர்ந்தது. பவளத்தின்மீது கால் வைப்பதும், நினைவுப் பொருளாக ஒரு துண்டை எடுத்துச்செல்வதும் கூடா. பின்னது சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். அந்தமானின் கழிமுகங்களிலும் சதுப்புக் காடுகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. சில வேளைகளில் கடற்கரைக்கும் அவை வருவதுண்டு. நீர் எவ்வளவு தெளிவாக இருப்பினும், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கலாகாது. விடியலிலும் அந்தியிலும் ஓடை முகங்களை அணுகாதிருப்பது நலம். படகு நேரத்தையும் விடுமுறை நாளையும் முதல்நாளே கேட்டறிந்துகொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இவற்றுள் எதற்கும் ஒரு பகலுக்கு மேல் தேவையில்லை. அண்டை வீட்டு வங்காளக் குடும்பத்தையும் தெலுங்குக் குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்றால் கட்டுச்சோற்றின் சுவையும் பெருகும், நட்பும் வளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே வளரும் பிள்ளைகளை எண்ண வேண்டும். "உன் ஊர் எது?" என்று கேட்டால், தாம் நான்கைந்து முறையே கண்ட மதுரையையோ இராமநாதபுரத்தையோ அவர்கள் சொல்கிறார்கள். அதைச் சொல்லட்டும்; அதனோடு, படாக் மரத்தையும் பவளத்தையும் அறிந்த இந்தத் தீவையும் தம் ஊரென்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த உரிமையை அவர்களுக்கு அளிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். வானம் வெளுத்திருக்கும் ஒரு நாளில், ஐந்தரை மணிக்கே எழுந்து புறப்படுவோமாக.