டிவி ஸ்லோ ஆயிடுச்சா? 28,000 ரூபாய் செலவா, 5,500 ரூபாய் செலவா?

போனஸ் வர்ற மாசத்துல நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி தவறாம வந்துடும். "டிவி வாங்கி நாலு வருஷம்தான் ஆச்சு. இப்போ ரொம்ப ஸ்லோ. யூடியூப் திறக்கவே அரை நிமிஷம் ஆகுது, பாதியில தானா மூடிக்குது. நோ காஸ்ட் இஎம்ஐ ஆஃபர் ஓடுது, புது டிவி எடுத்துடலாமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் திருப்பி ஒண்ணு கேட்பேன். படம் எப்படி இருக்கு? திரையில கோடு விழுதா, ஒரு பக்கம் இருட்டா தெரியுதா? அதெல்லாம் இல்ல, படம் பளிச்சுன்னு இருக்குன்னா உங்க டிவி கெட்டுப்போகல. அதுக்குள்ள இருக்கிற சின்ன கம்ப்யூட்டருக்குத்தான் வயசாயிடுச்சு. அதுக்காக மொத்த டிவியையும் மாத்துறது, போன் பேட்டரி போச்சுன்னு வீட்டு வயரிங்கை மாத்துற மாதிரி.

ஒரே பெட்டி, ரெண்டு பொருள்

ஸ்மார்ட் டிவின்னு நாம வாங்குறதுல ரெண்டு பொருள் இருக்கு. ஒண்ணு, திரை. வீட்ல சாதாரணமா பார்க்கிற அளவுக்கு அது எட்டு, பத்து வருஷம் தாராளமா உழைக்கும். இன்னொண்ணு, பின்னாடி இருக்கிற போர்டுல உட்கார்ந்திருக்கிற ப்ராசஸரும் மெமரியும். பட்ஜெட் 32 இன்ச் டிவிகள்ல பெரும்பாலும் 1 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ்தான். 43 இன்ச்லயும் பல மாடல்கள் 2 ஜிபி ரேமைத் தாண்டாது. அந்த 8 ஜிபியில பெரும் பங்கை சிஸ்டமே எடுத்துக்கும். மிச்சம் இருக்கிற இடத்துலதான் எல்லா ஓடிடி ஆப்பும் இருக்கணும். வருஷா வருஷம் ஆப்கள் கனமாகிக்கிட்டே போகும், டிவியோட ரேம் மட்டும் அப்படியே இருக்கும். போன்ல இதே பிரச்சினை வந்தப்போ நீங்க போனை மாத்தியிருப்பீங்க. டிவியில அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் தனியா மாத்த வழி இல்ல. அந்த இடத்தைத்தான் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் நிரப்புது.

டிவி கம்பெனி ஏன் அப்டேட் கொடுத்து சரி பண்ணக் கூடாது? கொடுக்கலாம்தான். ஆனா ஒரு கம்பெனி வருஷத்துக்குப் பல மாடல் விடுது, ஒவ்வொண்ணுலயும் வேற சிப். கூகுள் ஒரு புது வெர்ஷன் விட்டா, அதை ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்தி, சோதிச்சு அனுப்பணும். நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட வித்த டிவிக்கு அந்தச் செலவைப் பண்ணா அவங்களுக்கு நேரடி லாபம் கொஞ்சம்தான். நீங்க புது டிவி வாங்கினாதான் பெரிய லாபம். பெரிய பிராண்டுகள் இப்போ கொஞ்சம் மாறியிருக்காங்க. சாம்சங் 2024 மாடல்கள்ல இருந்து ஏழு வருஷ அப்டேட்னு அறிவிச்சிருக்கு. எல்ஜி அஞ்சு வருஷத்துல நாலு வெப்ஓஎஸ் அப்கிரேடுன்னு சொல்லுது. பட்ஜெட் பிராண்ட் டிவி பெட்டியில இந்த மாதிரி ஒரு வரி இருக்கான்னு தேடிப் பாருங்க, பெரும்பாலும் இருக்காது.

அப்டேட் நின்னா வெறும் ஸ்லோவோட முடியாது. 2019 டிசம்பர்ல சாம்சங்கோட 2010, 2011 வருஷத்து டிவிகள் சிலதுல நெட்ஃபிளிக்ஸ் வேலை செய்யுறதே நின்னுபோச்சு. அதே லிஸ்ட்ல பழைய ரோக்கு பாக்ஸ்களும் இருந்துச்சு, ஸ்டிக்குக்கு மட்டும் ஆயுசு கெட்டின்னு நான் சொல்ல வரல. ஆனா பாக்ஸ் வெச்சிருந்தவருக்குச் சின்னச் செலவு. அந்த டிவியில வேற எதையும் சொருகாம இருந்தவருக்கு, திரை நல்லா இருந்தும் நெட்ஃபிளிக்ஸ் இல்ல.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு 43 இன்ச் 4கே டிவி 28,000 ரூபாய்னு வைங்க. நாலாவது வருஷம் அது மெதுவாகுது. ஒரு வழி, இன்னொரு 28,000. இன்னொரு வழி, 5,500 ரூபாய்க்கு ஒரு நல்ல 4கே ஸ்டிக். வித்தியாசம் 22,500. இதை 7% வட்டி கிடைக்கிற எஃப்டியில நாலு வருஷம் போட்டா சுமார் 29,500 ஆகும். அதாவது, திரை நிஜமாவே போகப்போற சமயத்துல அடுத்த டிவிக்கான காசு முழுசா கையில இருக்கும், இஎம்ஐ இல்லாம. எக்ஸ்சேஞ்ச்ல பழைய டிவிக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் தர்றாங்கன்னு சொன்னாலும் கணக்கு பெருசா மாறாது.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தியும் ஒரு வார்த்தை. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே ஒரு சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. பேங்க் வட்டி போடும், அந்த வட்டித் தொகையை விற்கிறவங்க விலையில கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும், ப்ராசஸிங் ஃபீஸும் உங்க பில்லுல வந்து உட்காரும். மொத்தமா கட்டினா கிடைக்கிற தள்ளுபடி சில சமயம் இதுல கிடைக்காமலும் போகலாம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்கிற டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆச்சு, அதனால வரி சேர்த்த விலை ஏறக்குறைய 8% வரைக்கும் குறைய வழி உண்டு. நல்ல விஷயம்தான். தேவை இருக்கிறவங்களுக்கு.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி

முதல்ல பைசா செலவில்லாத வேலைகளை முடிங்க. பார்க்காத ஆப்களைத் தூக்குங்க, கேஷ் கிளியர் பண்ணுங்க, சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க. அப்புறமும் சரியாகலன்னா ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டுகளைக் கையில வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க, ஒரு மணி நேர வேலை. பல டிவிகள் இதுலயே இன்னும் ஒரு வருஷம் ஓடிடும். கூகுள் டிவின்னா 'ஆப்ஸ் ஒன்லி' மோடுன்னு செட்டிங்ஸ்ல இருக்கும். அதைப் போட்டா ஹோம் ஸ்கிரீன்ல வந்து குவியுற பரிந்துரைகள் குறையும், கொஞ்சம் லேசாகும்.

படம் நின்னு நின்னு வந்தா அது வைஃபை பிரச்சினையாவும் இருக்கலாம். பல பட்ஜெட் டிவிகள்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் அதே அலைவரிசையில முட்டி மோதும். ரூட்டர் பக்கத்துலயே இருந்தா ஒரு லேன் கேபிளை டிவியில சொருகிப் பாருங்க. 300 ரூபாய்ல விஷயம் முடிஞ்சாலும் முடியும்.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காதது. உங்க வீட்ல ஏற்கனவே ஒரு ஸ்ட்ரீமிங் பாக்ஸ் சும்மா கிடக்கலாம். ஜியோஃபைபர், ஏர்டெல் இணைப்புகள்ல சில பிளான்களோட செட்டாப் பாக்ஸ் வரும். அதுல ஓடிடி ஆப்கள் ஓடும். லாஃப்ட்ல கிடக்கிற அந்த அட்டைப்பெட்டியை இறக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா ஸ்டிக்கும் வேண்டாம்.

ஸ்டிக் வாங்கும்போது

சந்தையில 3,000-லிருந்து 6,500 ரூபாய்க்குள்ள நல்ல பிராண்டுகள் இருக்கு. ஆப்பிள் டிவி வேற ரேஞ்சு, 2022 மாடல் இங்க 14,900 ரூபாய்னு வந்துச்சு. ஐபோன், ஐபேடுன்னு முழுக்க அந்தப் பக்கம் இருக்கிறவங்களைத் தவிர மத்தவங்களுக்கு அவ்வளவு தேவையில்ல.

விலை குறைஞ்ச ஸ்டிக்கை எடுக்கிறதுக்கு முன்னாடி ரேமைப் பாருங்க. உங்க டிவியிலயும் 1 ஜிபி, வாங்குற ஸ்டிக்லயும் 1 ஜிபின்னா பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீங்க. 2 ஜிபி ரேம், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, இது ரெண்டும் இருக்கணும். 

4கே தேவையாங்கிறது உங்க டிவியையும், உங்க பிளானையும் பொறுத்தது. நெட்ஃபிளிக்ஸ்ல 149 ரூபாய் மொபைல் பிளான் டிவியில ஓடாது. 199 பிளான்ல 720பி, 499-ல 1080பி. 4கே வேணும்னா 649 கட்டணும். 199 பிளானை வெச்சுக்கிட்டு "4கே ஸ்டிக் வாங்கியும் படம் தெளிவா இல்ல"ன்னு ஸ்டிக்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. போன் ரீசார்ஜோட இலவசமா வர்ற ஓடிடிகளும் பல சமயம் மொபைலுக்கு மட்டும்தான். ஸ்டிக் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடுங்க, இல்லன்னா 5,500-க்கு மேல மாசாமாசம் புதுச் சந்தா ஒண்ணு ஆரம்பிச்சுடும். என்னைக் கேட்டா நிஜமான செலவு அங்கதான் இருக்கு. ஸ்டிக் ஒரு தடவை வாங்குறது, 649 ரூபாய் பிளான் வருஷத்துக்கு 7,788.

பிராண்டே தெரியாத "4கே ஆண்ட்ராய்டு பாக்ஸ், எல்லா சேனலும் லைஃப்டைம் ஃப்ரீ" வகையறா பக்கம் போகவே போகாதீங்க. முதல் பிரச்சினை, நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் ஹெச்டியில ஓட வைட்வைன் எல்1 அங்கீகாரம் வேணும். இந்தப் பாக்ஸ்கள்ல பலதுல அது கிடையாது, பெட்டியில 4கேன்னு போட்டிருக்கும், படம் மங்கலா வரும். ரெண்டாவது இதைவிட மோசம். பேட்பாக்ஸ் 2.0ன்னு ஒரு வைரஸ் கூட்டம் இந்த மாதிரி மலிவு சாதனங்கள்ல புகுந்திருக்குன்னு அமெரிக்காவோட எஃப்பிஐ 2025 ஜூன்ல எச்சரிக்கை விட்டுச்சு. அடுத்த மாசமே கூகுள் வழக்கு போட்டுச்சு, அதுல சொன்ன எண்ணிக்கை ஒரு கோடி சாதனங்களுக்கு மேல. நீங்க நெட் பேங்கிங் பண்ற போனும் அந்தப் பாக்ஸும் ஒரே வைஃபையில இருக்குங்கிறதை மறந்துடாதீங்க.

மாட்டும்போது டிவி பின்னாடி இருக்கிற யூஎஸ்பியில கரண்ட் எடுக்காம, கூட வர்ற அடாப்டர்லயே போடுங்க. பல டிவிகளோட யூஎஸ்பி போதுமான கரண்ட் தராது, ஸ்டிக் தானா ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் "பொருள் டிஃபெக்ட்"னு ரிட்டர்ன் போட்டுக்கிட்டு இருப்பீங்க.

டிவி விலை எப்படி இவ்வளவு குறைஞ்சுது?

இது கொஞ்சம் சைடு கதை, ஆனா காசு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவுல விஸியோன்னு ஒரு டிவி கம்பெனி. நீங்க டிவியில என்ன பார்க்கிறீங்கன்னு திரையை வெச்சே கண்டுபிடிக்கிற ஏசிஆர் தொழில்நுட்பத்தால ஒரு கோடியே பத்து லட்சம் டிவிகள்ல இருந்து தகவல் எடுத்ததா புகார் வந்து, 2017-ல 22 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிட்டாங்க. 2021-ல அதே கம்பெனிக்கு டிவி வித்து வந்த லாபத்தைவிட விளம்பரம், டேட்டா பக்கத்துல வந்த லாபம் அதிகம். 2024-ல வால்மார்ட் 230 கோடி டாலருக்கு அதை வாங்கிடுச்சு. மலிவு டிவியோட மீதி விலையை நம்ம கண்ணுதான் கட்டுது.

நம்ம ஊர் டிவிகள்லயும் இந்த செட்டிங் உண்டு. சாம்சங்ல 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில 'லைவ் பிளஸ்'. ஆஃப் பண்ணிடுங்க. ஸ்டிக் மாட்டின பிறகு டிவியோட வைஃபையையே துண்டிச்சுடலாம், டிவி பக்கத்துல இருந்து எதுவும் வெளிய போகாது. ஸ்டிக் ஒண்ணும் சாமியார் இல்ல, ஃபயர் டிவி ஹோம் ஸ்கிரீன் பூரா விளம்பரம்தான். ரெண்டு பேர் பார்க்கிறதுக்கு ஒருத்தர் பார்க்கட்டும், அவ்வளவுதான்.

ஊர்ல இருக்கிற அம்மா அப்பாவுக்கு

இங்க மட்டும் என் கருத்து கொஞ்சம் மாறும். அவங்க பார்க்கிறது கேபிள் சீரியலும், செய்தியும், நடுவுல கொஞ்சம் யூடியூபும்தான்னா ரெண்டாவது ரிமோட், ஹெச்டிஎம்ஐ 1, ஹெச்டிஎம்ஐ 2ன்னு மாத்துறதெல்லாம் தொல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு "டிவியில ஒண்ணும் வரல தம்பி"ன்னு போன் வரும். டிவியோட சொந்த சாஃப்ட்வேர் ஓடுற வரைக்கும் அதையே விட்டுடுங்க. ஸ்டிக் போட்டே ஆகணும்னா டிவி செட்டிங்ஸ்ல ஹெச்டிஎம்ஐ சிஇசியை ஆன் பண்ணுங்க. சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க்னு பேர் இருக்கும். அப்புறம் ஸ்டிக் ரிமோட்ல ஹோம் பட்டனை அழுத்தினாலே டிவி ஆன் ஆகி சரியான இடத்துக்கு வந்துடும்.

வாடகை வீட்ல, பிஜியில இருக்கிறவங்களுக்கு நேர் எதிர். ஓனர் வெச்சிருக்கிற டிவியில உங்க அக்கவுன்ட்டைப் போட்டு வைக்காதீங்க. ஸ்டிக்னா வீடு மாறும்போது பையில போட்டுக்கிட்டு கிளம்பிடலாம்.

முதல் டிவி வாங்கப் போறீங்களா?

அப்போ திரைக்குக் காசு கொடுங்க. அதே பட்ஜெட்ல ஒரு டிவியில ஆப்கள் நிறைய, இன்னொண்ணுல படம் நல்லா இருக்குன்னா ரெண்டாவதை எடுங்க. ஷோரூம்ல டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு பண்ணாம, இருட்டுக் காட்சி வர்ற ஒரு தமிழ்ப் படத்தைப் போடச் சொல்லுங்க. ஹெச்டிஎம்ஐ போர்ட் மூணு இருந்தா நல்லது. திரைக்கு வாரன்ட்டி எத்தனை வருஷம்னு பில்லுல எழுதி வாங்குங்க, ஏன்னா திரை போனா ரிப்பேர் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்துல வந்துடும். 

கூடவே ஸ்டிக்கும் சேர்த்து காம்போ ஆஃபர்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. முதல் ரெண்டு மூணு வருஷம் டிவியோட சாஃப்ட்வேரே போதும். அது தளரும்போது அன்னிக்கு எந்த ஸ்டிக் நல்லா இருக்கோ, அதை ஆஃபர்ல எடுத்துக்கலாம். இன்னிக்கே வாங்கினா அதுக்கும் இன்னிக்கே வயசாக ஆரம்பிச்சுடும்.

உங்க டிவி மாடல், வாங்கின வருஷம், என்ன பிரச்சினைங்கிற மூணையும் கமெண்ட்ல எழுதுங்க. ரீசெட்ல தீருமா, ஸ்டிக் வேணுமான்னு அடுத்த வீடியோல ஒவ்வொண்ணா பார்க்கலாம்.