மசல் காருக்கு எந்த அப்சோர்பர்? கெட்டியாக இருந்தால் போதாது

1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ ஹாலிவுட் படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் மேட்டுத் தெருக்களில் ஏறத்தாழ 11 நிமிடங்கள் நீடிக்கும் கார் துரத்தல் காட்சி ஒன்று உண்டு. ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டும் பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் மேட்டு உச்சியில் பறந்து, தரையில் மோதி இறங்கி, மறுகணமே ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். மஸ்டாங் என்றால் அப்படித்தான் ஓடும் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டனர். ஆனால், ஆலையிலிருந்து வந்த காரை அப்படியே குதிக்கவிடப் படக்குழு துணியவில்லை. ஸ்பிரிங்குகளும் அதிர்வுத் தாங்கிகளும் மாற்றப்பட்டு, முன்பக்கத்தில் அவற்றைத் தாங்கும் உலோகக் கூடும் பலப்படுத்தப்பட்ட பிறகே படப்பிடிப்பு நடந்தது.

அதிர்வுத் தாங்கி என்பது ஏட்டுப் பெயர். நம் ஊர்ப் பட்டறைகளில் ‘அப்சோர்பர்’ என்றால்தான் புரியும். அமெரிக்கர்கள் அதைச் சுருக்கமாக ‘ஷாக்’ என்பார்கள்.

1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ தொடங்கி 70களின் முற்பகுதி வரை, நடுத்தர உடலில் மிகப் பெரிய வி8 இயந்திரத்தைப் பொருத்தி அமெரிக்க நிறுவனங்கள் விற்ற கார்களே மசல் கார்கள். மஸ்டாங், கமாரோ, செவெல், டாட்ஜ் சார்ஜர் போன்றவற்றையும் பொதுவாக இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அவற்றில் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. டெட்ராய்ட் அருகே உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் ஆகஸ்ட் மாதங்களில் பழைய கார்கள் அணிவகுத்து வருகின்றன. குளிர்காலத்தில் நீர் உறைந்து உருகி, தார் பெயர்ந்து குழி விழும் சாலைகள் அவை. பந்தயத் திடலின் வழவழப்பான தரையை அங்கே எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கார்களை வைத்திருப்போர் பலர் அப்சோர்பர் வாங்கப் போகும்போது, இருப்பதிலேயே கெட்டியானதைக் கேட்கின்றனர். இயந்திரத்துக்கு 300 குதிரைத்திறன் இருந்தால் அடிப்பக்கமும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. பந்தயத் திடலுக்கு அது ஓரளவு பொருந்தலாம். தெருவில் ஓட்டும் காருக்குப் பொருந்தாது.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான், அப்சோர்பர் அல்ல. குழியில் இறங்கிய சக்கரம் ஸ்பிரிங்கை அமுக்கும். அமுங்கிய ஸ்பிரிங் விரியும், மறுபடி அமுங்கும். தடுக்காவிட்டால் கார் தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே அப்சோர்பரின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்க வேண்டும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது.

அமுங்கும்போது எவ்வளவு எதிர்ப்பு, விரியும்போது எவ்வளவு எதிர்ப்பு என இரண்டு கணக்குகள் இதில் உண்டு. சாலைக் கார்களில் விரியும்போது உள்ள எதிர்ப்பே பெரும்பாலும் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அமுங்கிய ஸ்பிரிங்கில் சேர்ந்திருக்கும் ஆற்றலை அடக்க வேண்டியது அப்போதுதான். அந்த எதிர்ப்பு ஸ்பிரிங்கின் பலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆலையில் பொருத்திய மென்மையான ஸ்பிரிங்கோடு பந்தய அப்சோர்பரைச் சேர்த்தால், ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து முடிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர்ந்து கரடுமுரடான சாலையில் கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். குழி வரும் இடத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடாமல் ஒரு கணம் தொங்கும். தரையைத் தொடாத டயர் பிரேக் பிடிக்காது, திரும்பவும் செய்யாது. கெட்டியான அப்சோர்பர் பாதுகாப்பானது என்ற எண்ணம் அடிபடும் இடம் இதுதான்.

அமுங்கும் பக்கம் மிதமிஞ்சி இறுகியிருந்தால் அடி நேராகக் காரின் உடலுக்குப் போகும். பழைய மஸ்டாங்கில் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங், மேல் கையின் மீது அமர்ந்து, இயந்திரத்தின் இருபுறமும் உள்ள உலோகக் கோபுரங்களில் முட்டி நிற்கிறது. அப்சோர்பரின் மேல்முனையும் அங்கேதான். அந்தக் கோபுரங்களில் விரிசல் விழுவது மஸ்டாங் உரிமையாளர்களுக்குப் பழகிய தொல்லை. 50 வயதைத் தாண்டிய தகட்டுக்கு இன்னும் கடுமையான அடிகளைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

பின்பக்கம் வேறு கதை. இந்தக் கார்களில் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் அச்சு ஒரே கனத்த துண்டு. 1967 கமாரோவில் அந்த அச்சைத் தாங்கியது பக்கத்துக்கு ஒற்றைப் பட்டை லீஃப் ஸ்பிரிங். எண்ணெயை வேகமாக மிதித்தால் பட்டை முறுக்கிக்கொள்ள, அச்சு தடதடவெனத் துள்ளியது. 1968இல் செவர்லே ஓர் அப்சோர்பரை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தது. வேகமான ரகங்களுக்குப் பல பட்டைகள் கொண்ட ஸ்பிரிங்கும் வந்தது. நான்கு கியர் கொண்ட 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் ஃபோர்டும் அதே முன்-பின் வழியைக் கையாண்டது. இரண்டு நிறுவனங்களுமே அப்சோர்பரை வெறுமனே கெட்டியாக்குவதோடு நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அப்சோர்பர் வாங்கும்போது ஆண்டைச் சரியாகச் சொல்ல வேண்டிய காரணமும் இதுவே.

பழைய பந்தயப் பழக்கங்கள் இரண்டு இன்னும் விடவில்லை. ‘90/10’ எனப்படும் முன்பக்க அப்சோர்பர் நேர்கோட்டுப் பந்தயத்துக்கானது. எளிதாக விரியும், அமுங்க மறுக்கும். புறப்படும்போது மூக்கு உயர்ந்து எடை பின்சக்கரத்துக்குப் போகும். பந்தயத்தில் அது வரம். வளைவும் சமிக்ஞை விளக்கும் உள்ள தெருவில் மூக்கு மிதந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு மேடும் முதுகில் அடிக்கும். இரண்டாவது, 70களில் காரின் பின்பக்கத்தை உயர்த்திக் காட்டப் பயன்பட்ட காற்று அப்சோர்பர். எடை தாங்க வடிவமைக்கப்படாத முனைகள் மீது அது எடையை ஏற்றுகிறது. இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிக் கார் கூடுதலாகச் சாயும். தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவதே சரியான வைத்தியம்.

இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயா என்ற விவாதம் தேவைக்கு மேல் நீட்டப்படுகிறது. இரட்டைக் குழாய் மலிவு, மென்மை. நீண்ட நேரம் கடுமையாக உழைத்தால் எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு குறையும். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தது இதை ஓரளவு தடுக்கும். ஒற்றைக் குழாயில் எண்ணெயும் உயரழுத்த வாயுவும் மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கும். வெப்பம் விரைவில் வெளியேறும். ஆனால், கல் பட்டு வெளிக்குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். வாயு அழுத்தத்தால் கார் சற்று உயரவும் கூடும். ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு நல்ல இரட்டைக் குழாய் போதும். மலைச் சாலையில் விரட்டி ஓட்டுபவர் ஒற்றைக் குழாய்க்குச் செலவிடலாம். ஸ்பிரிங், டயர் இரண்டையும் மாற்றும் எண்ணம் இருந்தால், திருகி இறுக்கத்தை மாற்றக்கூடிய வகை பயன்தரும். அந்தத் திருகு விரியும் பக்கத்தை மட்டும் மாற்றுகிறதா, இரண்டையுமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நிறுவனப் பெயரைவிட முக்கியமானது நீளம். கடைகளில் அதிகம் தவறுவதும் இதில்தான். காரைச் சமதளத்தில் அதன் எடையிலேயே நிற்கவைத்து, அப்சோர்பரின் மேல், கீழ்ப் பிடிகளுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். உதாரணமாக, முழுதாக மூடினால் 30 சென்டிமீட்டர், விரித்தால் 48 சென்டிமீட்டர் என்றால், நிற்கும் அளவு 39 அருகே இருப்பது நல்லது. அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டி, அந்த அளவு 34 ஆகிவிட்டால் அமுங்க 4 சென்டிமீட்டரே மிச்சம். பெரிய குழியில் அப்சோர்பர் அடிமுட்டி உடையும் அல்லது பிடியைக் கிழிக்கும். தாழ்த்திய காருக்குக் குட்டையான அப்சோர்பர் தேவை. அது முழுதாக மூடுவதற்கு முன்பே ரப்பர் முட்டுக்கட்டை அச்சைத் தடுத்து நிறுத்த வேண்டும். சுருள் ஸ்பிரிங்கை வெட்டினால் அது முன்பைவிடக் கெட்டியாகும். எனவே, விரியும் எதிர்ப்பும் அதற்கேற்ப கூட வேண்டும்.

பழையது செத்துவிட்டதா என அறிய பானெட்டை அமுக்கிப் பார்ப்பது முழுதும் போனதை மட்டுமே காட்டும். எண்ணெய்க் கசிவும், டயர் அங்கங்கே குழிந்து தேய்வதும் தெளிவான அடையாளங்கள். இக்கார்கள் பிறந்த காலத்தில் ஓடியவை பழைய குறுக்கிழை டயர்கள். இன்று பெரும்பாலும் பிடிப்பு மிகுந்த ரேடியல் டயர்கள் ஓடுகின்றன. தேய்ந்த புஷ்களை அப்படியே விட்டுவிட்டுப் புது அப்சோர்பர் போட்டால் வித்தியாசம் தெரியாது.

ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரட்டைக் குழாய் வகையைப் பொருத்தும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை இழுத்து அமுக்கி, உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். செவெல், ஜிடிஓ போன்றவற்றின் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் உள்ளதால், அச்சுக்கு அடியில் ஜாக் வைத்துத் தாங்காமல் போல்ட்டைக் கழற்றவே கூடாது. அச்சு கீழே விழுந்து ஸ்பிரிங் வெளியே பாயக்கூடும், பிரேக் குழாயும் இழுபட்டுக் கிழியலாம்.