தோற்ற பின் ஏழு ஆண்டுகள்

பட்டப் படிப்பைப் பாதியில் விட்டு வீடு திரும்பும் பிள்ளைக்கு, மலாக்காத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: “கணித மேதை இராமானுஜனும் தோற்றவர்தாமே!” சொல்வோர் எண்ணம் நல்லதே. ஆனால், மேதையல்லாத பிள்ளைக்கு அவ்வாறுதல் அவ்வளவாக உதவாது. அப்பிள்ளைக்கு உதவக்கூடியது இராமானுஜனின் புகழன்று. தோற்றபின் அவர் கழித்த ஏழு ஆண்டுகளே.

சீனிவாச இராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. தந்தையோ ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. 1905-இல், பதினேழாம் வயதில், பிள்ளை வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பையனைக் காணவில்லை என்று ‘இந்து’ நாளிதழில் செய்தி வந்தது. பரீட்சைக்கு அஞ்சியவரல்லர் அவர். வீட்டார் முகத்துக்கே அஞ்சினார் எனலாம்.

திரும்பி வந்து 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றி எப்.ஏ. தேர்ச்சி இல்லை என்பது அக்கால விதி. அவ்வாண்டும் தோல்வி; 1907-இல் தனியாக எழுதியும் தோல்வி. விதியைப் பழிப்பது எளிது. பிற பாடங்களை அவர் படிக்கவில்லை என்பதும் உண்மை. மாணவர்க்குக் கதை சொல்லும் ஆசிரியர்கள் இரண்டாவதை ஏனோ விழுங்கிவிடுகின்றனர்.

பின்வந்த ஆண்டுகளில் வருவாய் இல்லை. நண்பர் அறைகளில் தங்கல். கையில் கணக்கு நோட்டுகள். 1909-இல் திருமணமும் ஆயிற்று. 1910-இல் திருக்கோவிலூர் சென்று, டெபுடி கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர் அவர். நோட்டுகளைப் பார்த்தவர், இவரைத் தாலுக்கா கச்சேரியில் அடைக்க மனமின்றிச் சென்னைக்கு அனுப்பினார். பழைய ஆசிரியர் சேஷு ஐயர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவுக்குப் பரிந்துரைத்தார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். ஒருவர் ஒரு கதவைத்தான் திறந்தார். அடுத்த கதவு இன்னொருவருடையது.

பிறர் பணத்தில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு வேலை மனு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியவர், எப்.ஏ. வரை படித்தவர், இடையூறுகளால் மேலே தொடர முடியவில்லை, ஆயினும் காலமெல்லாம் கணிதத்திலேயே செலவிட்டு வருபவர் என்பதே மனுவின் சாரம். ‘இடையூறுகள்’ என்ற சொல் சற்றே பூசி மெழுகியதுதான். எனினும் பெறாத பட்டத்தைப் பெற்றதாகச் சொல்லவில்லை, அழவுமில்லை. ஓடிப்போன பதினேழு வயதுப் பையன் இவ்விரண்டு வரியை எழுத ஏழு ஆண்டு பிடித்தது. 1912 மார்ச் 1-இல் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார். கேம்பிரிட்ஜ் பயணமும், ஆராய்ச்சிவழி 1916-இல் பெற்ற பி.ஏ. பட்டமும் யாவரும் அறிந்தவை.

பத்து பெரண்டாமில் இன்று ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் வீடமைப்புகள் எழுந்துள்ளன. சுதந்திர வாணிப வட்டாரத் தொழிற்சாலைகள் அருகிலேயே. படிப்பை விட்ட பிள்ளை உறவினரிடம் “லீவு” என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலை வாசலில் நிற்பது அரிதன்று. பொய் நீள நீள வேலை கெட்டியாகும். இதற்கிடையே, படிப்பு நின்றாலும் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் நிற்பதில்லை. கடன் நிலையத்துக்குத் தெரிவித்துத் தவணையைப் பேசிக்கொள்வதே முதல் வேலை. இரண்டாவது, தேறிய பாடங்களின் மதிப்பெண் பட்டியலை முறைப்படி கேட்டு வாங்குவது. வேறொரு கல்வி நிலையம் அவற்றுள் சிலவற்றை ஏற்கக்கூடும். வேலை அனுபவத்தைக் கணக்கில் கொண்டு மீண்டும் சேர்க்கும் ‘ஏபெல்’ வழியும் மலேசியத் தகுதி முகமையின்கீழ் இருக்கிறது. இவற்றைக் கேட்கப் போகையில் பெற்றோரோ, படிப்பித்த ஆசிரியரோ ஒருவர் உடன் போவது நல்லது. ஏனெனில், தோற்ற பிள்ளைக்குக் கல்லூரி அலுவலகத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதே பெரும்பாடு.