தீயணைப்பு வேலையும் போலீஸ் விசாரணையும்

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் நாள். நாம் குடியேறி வாழும் இம்மும்பை நகரின் தீயணைப்புப் படைக்கோ அது துக்க நாள். 1944-ஆம் ஆண்டு அந்நாளில், விக்டோரியா டாக்கில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாகச் சுமந்து வந்த கப்பல் அது. அணைக்கச் சென்ற படையினரில் 66 பேர் வெடிப்பிலே மாண்டனர். அவர்கள் நினைவாகவே நாடெங்கும் ஆண்டுதோறும் அந்நாள் தொடங்கித் தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுகிறது.

அக்கப்பலில் பொன்கட்டிகளும் இருந்தன. வெடிப்பிலே அவை வானில் எழுந்து நகருக்குள் சிதறின. ஏறக்குறைய ஒரு மைலுக்கு அப்பால் தம் வீட்டில் வந்து விழுந்த கட்டியைப் பார்சிப் பெரியவர் ஒருவர் அதிகாரிகளிடம் அப்படியே ஒப்படைத்தார் என்பது இன்றும் போற்றிப் பேசப்படும் செய்தி.

தீயும் பொன்னும் ஒரே இடத்தில் இருக்கும்போது அங்கே முதலில் நுழைபவர் தீயணைப்பு வீரர். பூட்டிய கதவைக் கோடரியால் பிளக்க அவர் வீட்டாரின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. பீரோ திறந்து கிடக்கும். நகைப்பெட்டி தரையில் உருளும். வீட்டாரோ தெருவில் நின்று அலறிக்கொண்டிருப்பர். பெற்ற குழந்தையையே முன்பின் அறியாத அவர் கையில் கொடுத்து, 'காப்பாற்றுங்கள்' என்கிறோம். அத்தகைய வேலைக்கு வருபவரின் முன்வரலாற்றைப் போலீஸார் விசாரித்தறிவது நியாயமேயன்றோ?

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உலகில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிளெண்டேல் என்னும் ஊரின் தீயணைப்புத் துறையில் ஜான் ஆர் என்பவர் கேப்டன் பதவியில் இருந்தார். தீ வைத்தவர்களைக் கண்டுபிடிப்பதே அவர் பணி. ஆனால் பல இடங்களில் தீ வைத்தவர் அவரேதான். 1984-இல் ஒரு கடையில் அவர் வைத்த தீயில் இரண்டு வயதுக் குழந்தை உட்பட நால்வர் இறந்தனர். 1987-இல் வேறொரு தீ விபத்தில் எரியாது மிஞ்சிய காகிதத்தில் ஒரு கைரேகை கிடைத்தது. 1971-இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் வேலைக்கு மனுச் செய்தபோது பதித்துக் கொடுத்த ரேகையோடு அது 1991-இல் பொருந்தியது. 1998-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வேலைக்கு வந்தபோது அவர்மீது பழைய குற்றமென்று ஏதும் இருக்கவில்லை. ஆகவே விசாரணை எல்லாவற்றையும் காட்டிவிடும் என்பதற்கில்லை. எனினும் மனுவோடு கொடுத்த ஒரு தடயம் இருபது ஆண்டுகள் காத்திருந்து உண்மையைச் சொல்லிற்று என்பதை மறக்கலாகாது.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் நம் வீட்டு வாசலுக்கே வந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, நம் சாலில் குடியிருக்கும் நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் தம் மகனோடு நம் வீட்டுக்கு வந்தார். பையன் தீயணைப்பு வீரர் தேர்வில் தேறியிருந்தான். ஓட்டம், கயிறேற்றம், மருத்துவச் சோதனை யாவும் முடிந்தன. கையில் ஒரு பாரம். "தம்பி, நீங்கள் ரயில்வேயில் குமாஸ்தாவாய் இருப்பவர். பாரம் நிரப்புவது உங்களுக்குப் பழக்கம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்ன எழுதலாம், சொல்லுங்கள்" என்றார்.

'எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா? வழக்குத் தொடரப்பட்டதுண்டா?' என்பதே அக்கேள்வி. பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது கணபதி ஊர்வலத்தில் ஒரு கைகலப்பு. ஐந்து பேர்மீது முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. பின்னர் இரு தரப்பும் கோர்ட்டிலே சமரசமாகி வழக்கு முடிந்தது. "முடிந்துபோன கதை. இல்லை என்றே எழுதிவிடலாமல்லவா, மாமா?" என்றான் பையன்.

உண்மையைச் சொல்வதானால், நமக்கும் அக்கணம் அப்படியே தோன்றிற்று. 'தண்டனைதான் இல்லையே' என்று பேனாவையும் எடுத்துவிட்டோம். பாரத்தின் தலைப்பிலிருந்த எச்சரிக்கையைப் படித்தபின் கை நின்றது. பொய்த் தகவல் தருவதோ உண்மையை மறைப்பதோ அதுவே தகுதியிழப்பாகும் என்று அதில் அச்சிட்டிருந்தது. "இரண்டு நாள் பொறுங்கள், அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டு, விவரம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டும் தீர்ப்புகளைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, கேள்வியை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். மத்திய அரசாங்க வேலைகளுக்கான அட்டெஸ்டேஷன் பாரத்தில் கைது, வழக்கு, காவலில் வைப்பு, ஜாமீன் முச்சலிக்கை, அபராதம், தண்டனை, நிலுவையிலுள்ள வழக்கு எனத் தனித்தனியே கேள்விகள் உண்டு. சமரசமாய் முடிந்த வழக்கு சட்டத்தின் கண்ணில் விடுதலைக்கு ஒப்பானதே. ஆகவே 'தண்டனை உண்டா' என்பதற்கு 'இல்லை' என்பது உண்மை. ஆனால் 'வழக்கு உண்டா' என்பதற்கு 'இல்லை' என்பது பொய். பாரத்தைக் கொடுத்தபின் புதிதாக ஏதேனும் நேர்ந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, உச்ச நீதிமன்றம் 2016 ஜூலை 21-ஆம் தேதி அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து வகுத்த நெறிகள். தருகின்ற தகவல் உண்மையாய் இருத்தல் வேண்டும். இளவயதில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவன் மறைத்திருந்தாலும், அதிகாரி தம் விருப்புரிமையால் அதைப் பொறுக்கலாம். கேள்வி தெளிவாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவனைக் குற்றம் சாட்டலாகாது. தன்மீது வழக்கு உண்டென்றே அறியாதவன் மறைத்தவனாகான். அதே சமயம், உண்மையைச் சொல்லிவிட்டதனாலேயே வேலை கிடைத்துவிடும் என்பதுமில்லை. வழக்கின் தன்மையை ஆராய அதிகாரிக்கு உரிமை உண்டு. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைச் சீருடைப் பணிக்கு மறுக்கலாம் என்று 2013-இல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே விடுதலைத் தீர்ப்பின் நகலில் எச்சொற்கள் உள்ளன என்பதைப் பார்த்தறிதல் நலம்.

நம் ரயில்வேயைச் சார்ந்த ஒரு வழக்கும் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படையில் பயிற்சியிலிருந்த காவலர் ஒருவர், பழைய வழக்கைச் சொல்லவில்லை என்று விலக்கப்பட்டார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொல்லிற்று. மறைத்தார் என்ற ஒன்றையே கொண்டு கண்ணை மூடி விலக்கலாகாது, சூழ்நிலையை ஆராய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஆயினும் கவனியுங்கள். அவர் விலக்கப்பட்டது 2015-இல். நீதி கிடைத்தது 2022-இல். ஏழாண்டுக் கால இளமை திரும்பி வருமோ?

மூன்றாவது, பதினெட்டு வயது நிறையுமுன் நேர்ந்த தவறு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட குழந்தைக்கு அதனால் தகுதியிழப்பு ஏற்படாது. பதினாறு வயதுக்கு மேல் கொடிய குற்றத்துக்காகப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டோர் மட்டுமே இதற்கு விலக்கு.

நான்காவது, நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கே உரிய தொல்லை. கடந்த ஐந்தாண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்கள் யாவற்றையும் பாரத்தில் குறிக்க வேண்டும். ஆதலால் விசாரணை சொந்த ஊருக்கும் போகலாம். இங்குள்ள ஸ்டேஷனுக்கும் வரலாம். ஊரிலே பூட்டிய வீட்டைக் கண்டு போலீஸார் 'ஆள் இல்லை' என்று எழுதிப் போவதுண்டு. பங்காளி ஒருவரிடமேனும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். பெயரும் ஒரு சிக்கல். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும். இங்குள்ள பதிவுகளில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராய் மாறியிருக்கும். இருவரும் ஒருவரே என்று காட்டும் சான்றைத் தயாராய் வைத்திருத்தல் வேண்டும்.

வேலையில் அமர்ந்தபின் கவலையில்லை என்றெண்ண வேண்டா. மத்திய அரசாங்க ஊழியரும் ரயில்வே ஊழியரும் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகவே விதிகள் கருதுகின்றன. குற்ற வழக்கில் தண்டனை பெற்றால், அந்நடத்தைக்காகத் தனி விசாரணையின்றியே நீக்கவும் அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு இடந்தருகிறது. ஒருநாள் ஆத்திரம் முப்பதாண்டுச் சேவையைச் சாம்பலாக்கும்.

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். விசாரணை கள்வனைத் தடுப்பதற்கே அன்றி, ஒருமுறை இடறியவனை ஆயுள் முழுதும் தள்ளி வைப்பதற்கன்று. திருந்தியவனுக்குக் கதவடைத்தால் அவன் வேறெங்கே போவான்?

மறுபடியும் பையன் வந்தபோது இவற்றை எடுத்துரைத்தோம். தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. "எழுதிவிட்டு வேலை போனால்?" என்று கேட்டார். "எழுதாமல் போனால் வேலையோடு பெயரும் போகும், அண்ணாச்சி" என்றோம். பையனே பேனாவை வாங்கி 'ஆம்' என்றெழுதினான். வழக்கு எண், கோர்ட்டின் பெயர், முடிந்த தேதி யாவும் குறித்துத் தீர்ப்பின் நகலையும் இணைத்தான்.

இதை எழுதும் இன்று வரை உத்தரவு வரவில்லை. தபால்காரர் வரும் வேளையில் அவன் தாயார் மாடிப்படியில் நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். உத்தரவு எதுவாயினும், அவன் பின்னால் அஞ்சி வாழ வேண்டிய ஒரு வரி அந்தப் பாரத்தில் இல்லை. நம் சங்கக் குடும்பங்களில் இத்தகைய பாரம் வரும்போது, பெற்றோர்களே, பிள்ளையை முதலில் உட்கார வைத்து உண்மையைக் கேளுங்கள்; பிறகு பேனாவை எடுங்கள்.