மேல்மலைப் பூண்டும் பூம்பாறை மக்களும்

பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியச் சோறு ஆக்கும் நம் இல்லங்களில் பூண்டு இல்லாத நாள் இராது. பால் சுரக்கும், வாயு அகலும் என்று சொல்லிப் பாட்டிமார் அதனைப் பாலில் வேகவைத்தும் நல்லெண்ணெயில் வதக்கியும் கொடுப்பர். கடைக்குப் போகிறவரிடம் மலைப்பூண்டாகப் பார்த்து வாங்கி வரும்படி சொல்லியனுப்புவதும் வழக்கம். அந்த மலை எங்கே இருக்கிறது, அதில் பாடுபடுவோர் யாவர் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்வோர் ஏரியையும் தூண்பாறையையும் பார்த்துவிட்டு மலையிறங்கி விடுகின்றனர். அங்கிருந்து மேற்கே, ஊசியிலை மரக்காடுகளின் ஊடே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வளைந்து சென்றால் ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகுகின்றன. கீழே பூம்பாறை தெரிகிறது. மலைச்சரிவின் நடுவே வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. சுற்றிலும் மேலும் கீழும் படிக்கட்டுகளைப் போல வயல்கள். சமதளம் என்று சொல்ல ஒரு முழம் நிலம் கிடைப்பது அரிது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது.

பழனி மலைத்தொடரை மேல்மலை, கீழ்மலை என்று பிரித்துப் பேசுவது அப்பகுதி வழக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலை ஊர்களில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை முதலியவை மேல்மலை ஊர்கள். இங்கே குளிர் மிகுதி; ஆகவே பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் ஆகியவையே பயிர். (பூண்டி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் நம் வாசகர் தஞ்சைப் பகுதியிலுள்ள திருத்தலத்தை நினைப்பர், இது வேறு பூண்டி.) கிளாவரையோடு சாலை முடிகிறது. அதற்கப்பால் கேரளத்து வட்டவடை. அங்கும் தமிழ் பேசும் உழவர்களே பூண்டு பயிரிடுகின்றனர்.

கொடைக்கானல் நகருக்கு வயது இருநூறு நிறையவில்லை. சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் 1845-ஆம் ஆண்டில் அங்கே வீடு கட்டினர். ஆனால் அதற்கு முன்பே, 1821-இல், வார்டு என்னும் ஆங்கிலப் படை அலுவலர் இம்மலையை அளக்க வந்தபொழுது மேல்மலையில் ஊர்களும் விளைநிலங்களும் இருந்தன. குன்னுவர் எனப்படும் வேளாண் மக்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. பளியர்களோ அவர்களுக்கும் முற்பட்டவர்கள். மனிதர் இம்மலையில் அதனினும் நெடுங்காலத்துக்கு முன்பே வாழ்ந்தமைக்குப் பாறைப் பலகைகளால் ஆன ஈமச் சின்னங்கள் சான்று. செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குருக்களான ஆங்லாத், நியூட்டன் ஆகிய இருவரும் அவற்றைத் தேடி ஆராய்ந்து 1928-இல் நூலாக வெளியிட்டனர்.

இனிப் பூண்டுக்கு வருவோம். பூண்டுக்கு விதை என்று தனியாக ஒன்று கிடையாது; பல்லே விதை. சென்ற விளைச்சலில் திரண்ட பூண்டைப் பொறுக்கி எடுத்து, பல் பல்லாகப் பிரித்து, முனை மேல்நோக்கி இருக்கும்படி ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றவேண்டும். அந்த வேலையில் குனிந்த முதுகு மாலையில்தான் நிமிரும். பெரும்பாலும் பெண்களின் முதுகு. ஆண்டுக்கு இரு போகம். மே மாதத்தை ஒட்டி ஒன்று, நவம்பரை ஒட்டி மற்றொன்று. நான்கு மாதத்திற்குச் சற்று மேலும் கீழுமாக நிலத்தில் இருக்கும். தாள் மஞ்சளித்ததும் வேரோடு பிடுங்கி, தாளைச் சேர்த்துக் கட்டிக் கற்றைகளாக்குவர். வண்டி இறங்க முடியாத சரிவுகளில் எருவை ஏற்றிச் செல்வதும் விளைச்சலைச் சாலைக்குக் கொண்டு வருவதும் மட்டக் குதிரைகள்.

அறுவடையோடு வேலை முடிந்தால் அது வேறு ஊர்ப் பூண்டாக இருந்திருக்கும். மேல்மலையில் மூடுபனியும் ஈரமும் ஓய்வதில்லை. பிடுங்கிய பூண்டை அப்படியே குவித்து வைத்தால் முளைவிடும் அல்லது அழுகும். அதனால் கற்றைகளை அடுப்புக்கு மேலுள்ள பரணில் தொங்கவிட்டனர் பெரியோர். அன்றாடம் சோறு பொங்கும் விறகின் புகை மேலேறி, தோலை உலர்த்தி, பூஞ்சணத்தை அண்டவிடாமல் தடுத்தது. சமையலும் நடந்தது, சரக்கும் காக்கப்பட்டது! புகையுண்ட பூண்டு ஓராண்டு வரை கெடாது என்பர். வெண்மை மங்கி இலேசான பழுப்பு ஏறும். மணமும் காரமும் கூடும். இன்று எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் பரணுக்குப் புகை ஏது? ஆகவே இதற்கெனத் தனிக் கொட்டகை போட்டு, விறகு வாங்கி, புகை மூட்டவேண்டியிருக்கிறது. முன்பு செலவின்றிக் கிடைத்தது இப்போது செலவுக் கணக்கில் ஏறுகிறது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிர்த் தொழில்நுட்பத் துறையினர் அதற்காக உழைத்தனர். அதே ஆண்டில்தான் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் அந்தச் சிறப்புக் கிடைத்தது. அதில் சேரும் விருப்பாட்சி வாழைக்கு 2008-லேயே கிடைத்துவிட்டது. ஒரு மலைத்தொடருக்கு இவ்வளவு பெருமை! எனினும் குறியீடு கிடைத்ததனால் மட்டும் உழவரின் மடியில் காசு சேர்ந்துவிடாது என்பதே நம் கருத்து. பெரியகுளம் அருகிலுள்ள வடுகபட்டிச் சந்தைக்கு மலைப்பூண்டு இறங்குகிறது. கடைத்தெருவிலோ மத்தியப் பிரதேசத்திலிருந்தும் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் வரும் பூண்டு அதற்குப் போட்டி. பருத்த பல்லும் வெளுத்த தோலும் கண்டு மயங்குவோர் சிறுத்த மலைப்பூண்டைத் தாழ்வாக மதிக்கின்றனர். இன்னொரு கடையில் வெளியூர்ப் பூண்டே மலைப்பூண்டு என்னும் பெயரில் விலைபோகிறது.

பூண்டை விட்டால் வேறு பயிர் இல்லையா என்று கேட்கலாம். உருளைக்கிழங்கு உண்டு. ஆனால் 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட நூற்புழு, பின்னர் இம்மலைக்கும் பரவிவிட்டது. ஒரே நிலத்தில் மீண்டும் மீண்டும் உருளையை நட்டால் புழு பெருகும். இடையே வேறு பயிர் மாற்றியாக வேண்டும். அந்த முறையிலும் பூண்டுக்கு இடமுண்டு.

தண்ணீர்க் கதை மற்றொன்று. மேல்மலையின் உச்சிகள் ஒருகாலத்தில் புல்வெளிகள்; மடிப்புகளில் சோலைகள். மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளாய் விட்டவை அவையே. சென்ற நூற்றாண்டில் அப்புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டசும் ஊசியிலை மரமும் நடப்பட்டன. தொழிற்சாலைகளுக்குப் பட்டையும் மரக்கூழும் கிடைத்தன, ஓடைகள் மெலிந்தன. இம்மலையின் தாவரங்கள் அனைத்தையும் தொகுத்து 1999-இல் நூலாக்கிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, 2004-இல் மறையும்வரை சோலைகளுக்காகப் பேசிவந்தார். 2013-இல் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தியே, ஆனால் காட்டெருமைகள் எல்லைக்கோடு அறியா. ஓர் இரவில் அவை படிவயலில் இறங்கி ஏறினால் கல்வரப்பும் சரியும், காரட்டும் போகும்.

இவ்வளவுக்கும் நடுவே நிலத்துக்கு நல்ல விலை பேசுவோர் வருகின்றனர். ஊரின் அழகு கண்டு தங்கும் விடுதி கட்ட விரும்புவோர் அவர்கள். நான்கு மாதம் குனிந்து நிமிர்ந்தும் விலை என்னவாகுமோ என்று தெரியாத ஒருவர் நிலத்தை விற்றால் அவரைக் குறைகூற நமக்கு வாய் வராது. ஆனால் படிவயல்கள் தனித்தனியே நிற்பவையல்ல. மேற்படியில் கல்வரப்பைக் கவனிப்பார் இல்லையெனில் அடுத்த பெருமழையில் மண் சரிந்து கீழ்ப்படிக்காரரின் நடவை மூடும். ஒருவர் விற்பது அயலாரின் நிலத்தையும் தொடுகிறது.

அடுத்த முறை பூண்டு வாங்கும் இல்லத்தரசியர் ஒன்றைக் கையிலெடுத்து முகர்ந்து பார்க்கலாம். மேல்மலைப் பூண்டெனில் தோல் இறுகியிருக்கும், சற்றே பழுப்பாக இருக்கும், புகை நாற்றம் இலேசாக வீசும். விலை கூடுதலாகச் சொன்னாலும் சமையலுக்குக் குறைந்த பல்லே போதும். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம். ஓலைக்கூடையிலிட்டு அடுப்பங்கரையில் தொங்கவிடுவதே நல்லது.